காலராக் கிருமியும் அதன் கிளைவகைகளும்

1992-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை நகரில் கடுமையான பேதி நோய் ஒன்று பரவலாயிற்று. நோயாளிகளின் மலம் அரிசி களைந்த நீரைப்போல் வெளுத்திருந்தது. சில மணி நேரத்துக்குள் உடலின் நீர் வற்றி, கண்கள் குழிவிழுந்து, விரல்களின் தோல் சுருங்கி, நாடி தளர்ந்தது. அனுபவமுள்ள எந்த மருத்துவரும் இதை வாந்திபேதி என்று சொல்லத் தயங்கியிருக்க மாட்டார். ஆனால் பரிசோதனைச்சாலையின் விடை வேறாக இருந்தது. மலத்திலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட கிருமி, வடிவத்திலும் அசைவிலும் இரசாயனச் சோதனைகளிலும் விப்ரியோ காலரே என்னும் காலராக் கிருமியேயாம். அதில் ஐயம் இல்லை. எனினும், காலராவை உறுதிசெய்ய உலகெங்கும் வழங்கிவந்த சீரத்தோடு அது திரள மறுத்தது. அந்நாளைய வரையறையின்படி அந்நோய்க்குக் காலரா என்னும் பெயரே பொருந்தாது.

இந்தச் சீரச் சோதனை மிக எளியது. கண்ணாடித் தகட்டின்மீது ஒரு துளி உப்பு நீரில் கிருமிகளைக் கலக்கினால் பால் போன்ற கலங்கல் உண்டாகும். அதே வகைக் கிருமியைச் செலுத்திப் பெற்ற முயலின் சீரத்தை அதனுடன் சேர்த்தால், சீரத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பால் திரிந்தாற்போல் நுண்ணிய கட்டிகள் கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பொருள் அடையாளம் கண்டுகொள்வது கிருமியின் மேற்பரப்பில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளையாகும். இச்சங்கிலிகளின் வேற்றுமையைக் கொண்டு காலராக் கிருமிகளை ஓ-1, ஓ-2 என்று எண்ணிட்டுப் பிரித்திருந்தனர். 1992 வரை அறியப்பட்டிருந்த சீரவகைகள் 138. அவற்றுள் ஓ-1 ஒன்றுதான் கொள்ளைநோயை உண்டாக்க வல்லது என்றும், ஏனையவை ஆங்காங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்குவதோடு நின்றுவிடும் என்றும் கருதப்பட்டது. ஆகவே, சீரத்தோடு திரளாத கிருமியைக் கண்டால், 'ஓ-1 அன்று' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தகட்டைக் கழுவி வைத்துவிடுவதற்குப் போதிய காரணம் இருந்தது.

நல்வேளையாக அவ்வாறு நிகழவில்லை. அதே போன்ற கிருமி வேலூரிலும் மதுரையிலும் கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிபுணர்கள், வழக்கமான ஓ-1 குறைந்து ஓ-1 அல்லாத கிருமி மிகுந்துவிட்டதைக் கண்டு, 1993-இல் லான்செட் ஏட்டில் அறிவித்தனர். 1992-இன் இறுதியில் கல்கத்தாவிலும் அக்கிருமி தலைகாட்டிற்று. அடுத்த சில மாதங்களில், பல ஆண்டுகளாக அங்கு நிலைபெற்றிருந்த ஓ-1 வகையை அது ஏறத்தாழ முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கல்கத்தாவிலிருந்த தேசியக் காலரா, குடல்நோய் ஆராய்ச்சி நிலையத்தார் அதை விரிவாக ஆராய்ந்தனர். ஜப்பானில் 138 சீரங்களோடும் அது ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. எதனோடும் அது பொருந்தவில்லை. எனவே அதற்கு ஓ-139 என்னும் புதிய எண் அளிக்கப்பட்டது. வங்காள விரிகுடாவின் கரையோரங்களில் முதன்முதல் காணப்பட்டமையால் 'பெங்கால்' என்னும் பெயரும் சேர்ந்தது. முதலில் தோன்றியது சென்னையிலாயினும் பெயரின் பெருமை விரிகுடாவுக்கே போயிற்று!

பங்களாதேசத்தில் 1993 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில் 1,07,297 பேர் நோயுற்றனர்; 1,473 பேர் இறந்தனர். நேபாளம், பாகிஸ்தான், தாய்லாந்து, மலேசியா, சீனா ஆகிய நாடுகளிலும் கிருமி காணப்பட்டது. காலராவின் எட்டாவது உலகப் பரவல் தொடங்கிவிட்டது என்றே பலர் அஞ்சினர்.

வயதுப் பத்தி காட்டிய குறிப்பு

காலரா ஆண்டுதோறும் வந்துபோகும் பிரதேசங்களில் நோயாளிகளுள் பெரும்பாலோர் குழந்தைகளாகவே இருப்பர். வளர்ந்தோர் முன்னரே பன்முறை கிருமியை எதிர்கொண்டு ஓரளவு எதிர்ப்புச்சக்தி பெற்றிருப்பதே இதற்குக் காரணம். ஓ-139 பரவியபோது இந்நிலை தலைகீழாயிற்று. மருத்துவமனைக்கு வந்தவர்களுள் வளர்ந்தோரே மிகுதி. ஓ-1 வகைக்கு எதிராக உடல் தேடிவைத்திருந்த எதிர்ப்பொருள்கள் புதிய கிருமியின் மேற்பரப்பை அடையாளம் காணவில்லை என்பதையே இது காட்டிற்று. ஓ-1 கிருமியைக் கொண்டு தயாரிக்கப்பட்ட தடுப்பு மருந்தும் இதற்கு உதவாது என்பது அதிலிருந்தே பெறப்படும். களப்பணியாளர் பதிவேட்டில் அலுப்போடு நிரப்பும் வயதுப் பத்தி, நுண்ணுயிர் நிபுணருக்கு இத்துணைப் பெரிய செய்தியைத் தரவல்லது.

மேலாடை வேறு, ஆயுதம் வேறு

சீரம் காண்பது கிருமியின் மேலாடையை மட்டுமே. கிருமி எதனால் கொல்கிறது என்பதற்கு அது விடை கூறாது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கண்டவர் ஓர் இந்தியர். ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் காற்புள்ளி வடிவமுள்ள இக்கிருமியைக் காலராவின் காரணமென்று நிலைநாட்டினார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கவேண்டும் என்றும் ஊகித்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் அந்நஞ்சு எவர் கையிலும் அகப்படவில்லை. பலர் அதை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தித் தேடியது வீணாயிற்று. கல்கத்தாவின் சம்புநாத் தே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு புறமும் நூலால் கட்டி, அந்த அறைக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அறை நீரால் பருத்தது. பின்னர், கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் அறை பருத்தது. 1959-இல் நேச்சர் ஏட்டில் வெளிவந்த இச்சிறு கட்டுரை, காலரா நஞ்சு குடலுக்குள்ளேயே செயற்படுவதை நிறுவிற்று. அவருக்கு உரிய பாராட்டு அவர் வாழ்நாளில் போதிய அளவு கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. அவர் கையாண்ட முயற்குடல் முறையோ பிற்காலத்தில் எத்தனையோ குடற்கிருமிகளின் வீரியத்தை அளக்கும் அளவுகோலாயிற்று.

அந்நஞ்சு ஒரு புரதம். அதன் ஐந்து துண்டுகள் வளையமாக அமைந்து குடற்சுவரின் உயிரணுவைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டு உள்ளே நுழைந்து, உயிரணுவின் கட்டுப்பாட்டுப் பொறியை மூடவொட்டாமல் திறந்துவிடுகிறது. குளோரைடு உப்பு குடலுக்குள் பாய, நீரும் அதன்பின் பாய்கிறது. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரையில் நீர் வெளியேறக்கூடும். இத்தனைக்கும் குடற்சுவர் புண்படுவதில்லை. சர்க்கரையோடு சேர்ந்து உப்பை உட்கொள்ளும் அதன் வழி திறந்தே இருக்கிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அவ்வழியே. 1971-இல் வங்க அகதிகளின் முகாமொன்றில் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கி, மரண விகிதத்தை நூற்றுக்கு முப்பதளவிலிருந்து நான்குக்கும் கீழே கொண்டுவந்தார்.

கிருமிக்கு ஆயுதம் தரும் வைரஸ்

ஆற்றுமுகங்களிலும் கடலோர நீர்நிலைகளிலும் வாழும் காலராக் கிருமிகளுள் மிகப் பல இந்நஞ்சைச் செய்ய இயலாதவை. நஞ்சுக்குரிய ஜீன்கள், அதாவது மரபணுக்கள், அவற்றிடம் இல்லை. ஒரே இனத்தில் சிலவற்றுக்கு மட்டும் ஆயுதம் எங்கிருந்து வந்தது? 1996-இல் வால்டார், மெக்கலானோஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்கு வியப்பூட்டும் விடை கண்டனர். நஞ்சின் மரபணுக்கள் கிருமிக்குச் சொந்தமானவையல்ல. கிருமிகளைத் தொற்றும் இழைவடிவ வைரஸ் ஒன்று அவற்றைச் சுமந்துவந்து, கிருமியின் குரோமோசோமில் பதித்துவிடுகிறது. அந்த வைரஸ் உட்புகும் வாயில், குடற்சுவரில் குடியேறக் கிருமி பயன்படுத்தும் நுண்ணிய மயிரிழையே. ஆகவே, குடலில் குடியேறும் திறன் பெற்ற கிருமிக்குத்தான் நஞ்சும் எளிதில் வந்து சேர்கிறது.

கிருமியுண்ணி வைரஸ்களுக்கு இதற்கு நேர்மாறான முகமும் உண்டு. 1896-இல் ஆக்ராவிலிருந்த ஹாங்கின் என்பவர், கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிவதைக் குறித்து எழுதினார். அது இத்தகைய வைரஸ்களின் வேலையாயிருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதினர். கிருமியைக் கொல்வதும் வைரஸ்தான். அதற்குப் படைக்கலம் கொடுப்பதும் வைரஸ்தான்.

காலராக் கிருமியின் முழு மரபெழுத்தும் 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு ஒன்றல்ல, இரண்டு குரோமோசோம்கள்: ஒன்றில் ஏறக்குறைய 30 லட்சம் எழுத்துகள்; மற்றொன்றில் 10 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த 40 லட்சத்தில் சில ஆயிரம் எழுத்துகள் மாறினாலே போதும், கிருமியின் குணம் வேறாகிவிடுகிறது.

ஓ-139 கிருமியை ஆராய்ந்தபோது இது கண்கூடாயிற்று. அது எங்கிருந்தோ வந்த அந்நியக் கிருமியன்று. பழைய எல்-டார் வகையே. எல்-டார் என்பது ஓ-1 சீரவகையின் ஒரு பிரிவு. 1905-இல் சினாய்த் தீபகற்பத்தின் எல்-டார் தனிமைப்படுத்தும் நிலையத்தில் முதலில் பிரிக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. நெடுங்காலம் அது பெருந்தீங்கற்றதாகவே கருதப்பட்டது. ஆனால் 1961-இல் இந்தோனீசியாவின் சுலவேசித் தீவிலிருந்து புறப்பட்டு, ஏழாவது உலகப் பரவலைத் தொடங்கிவைத்து, 1964-இல் இந்தியாவை அடைந்து, பழைய வகையை அகற்றி அதன் இடத்தில் அமர்ந்தது. பழைய வகையைவிட எல்-டார் உண்டாக்கும் நோய் பலருக்கு இலேசானது. நோய்க்குறியின்றியே கிருமியைப் பரப்புவோரும் மிகுதி. கொடுமையில் குறைந்தது பரவுவதில் வென்றது.

அந்த எல்-டார் கிருமியில் மேலாடையின் சர்க்கரைச் சங்கிலியை அமைக்கும் மரபணுப் பகுதி ஒன்று உண்டு. ஏறக்குறைய 22,000 எழுத்துகளாலான அப்பகுதி நீங்கி, வேறொரு கிருமியிலிருந்து வந்த சுமார் 35,000 எழுத்துகள் அங்கே அமர்ந்துகொண்டன. ஓ-139 அவ்வாறு பிறந்ததே. கூடவே ஒரு மெல்லிய சர்க்கரை உறையும் அதற்குக் கிட்டிற்று. நஞ்சு மாறவில்லை, குடியேறும் மயிரிழையும் மாறவில்லை. ஆயுதம் பழையது, மேலாடை மட்டும் புதியது.

இன்னொரு பொருளையும் அது பெற்றிருந்தது. 1992-இல் சென்னை நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்து, எம்.ஓ.-10 என்று பரிசோதனைச்சாலைகளில் பெயர் பெற்ற கிளைவகையில், ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ள மரபணு மூட்டை ஒன்று கண்டறியப்பட்டது. அம்மூட்டை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவக்கூடியது. சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் அதில் அடங்கியிருந்தது. பின்னர் எல்-டார் கிருமிகளும் அதே வகை மூட்டையைப் பெற்றுக்கொண்டன. புதிய கிருமி அருகிப் போன பின்னும் அதன் உடைமை பழைய கிருமியிடம் தங்கிவிட்டது எனலாம்.

புதியதன் தளர்ச்சி

அஞ்சியபடி எட்டாவது உலகப் பரவல் வரவில்லை. 1994-இல் எல்-டார் திரும்பிற்று. 1996-இல் கல்கத்தாவில் ஓ-139 மீண்டும் தலையெடுத்தது. ஆயினும் இம்முறை அதன் கிளைவகைகள் பலவற்றில் முன்னிருந்த மருந்தெதிர்ப்பு குறைந்திருந்தது. அதன்பின் படிப்படியாக அருகி, இன்று மிக அரிதாகவே அது காணப்படுகிறது. 1992 முதல் 2015 வரை சேர்த்துவைத்த 330 ஓ-139 கிருமிகளின் முழு மரபெழுத்தையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2022-இல் வெளிவந்தது. மருந்தெதிர்ப்பு மரபணுக்களை அது சிறிது சிறிதாக இழந்ததும், தொடக்கத்தில் ஒரே சீராயிருந்த நஞ்சு மரபணுக்கள் பலவாறாகச் சிதறியதும் அதன் தளர்ச்சிக்குக் காரணமாகலாம் என்பது அதன் முடிவு. இருபத்து மூன்று ஆண்டுக் காலக் கிருமிகளைக் குளிர்பெட்டியில் பொறுமையாகக் காத்துவைத்தவர்களின் உழைப்பு இன்றேல் இம்முடிவுக்கு இடமேது?

எல்-டாரும் மாறாமல் இருந்துவிடவில்லை. நஞ்சின் பற்றும் துண்டு 103 அமினோ அமிலங்களாலான சங்கிலி. பழைய வகைக்கும் எல்-டாருக்கும் அதில் இரண்டே இடங்களில், 39-ஆம் இடத்திலும் 68-ஆம் இடத்திலும், வேற்றுமை. 1990-களிலிருந்து, உடல் எல்-டாரும் நஞ்சு பழைய வகையுமான கலப்புக் கிருமிகள் வங்காளப் பகுதியில் பெருகின. பின்னர் 20-ஆம் இடத்திலும் மாறிய ஒன்று கிழக்கிந்தியாவில் காணப்பட்டது. இதே நஞ்சு வகையுள்ள கிருமிதான் 2010-இல் ஹெய்தி நாட்டில் பெருங்கொள்ளையாயிற்று. ஹெய்திக் கிருமியையும் நேபாளக் கிருமிகள் சிலவற்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, 40 லட்சத்தில் ஓரிரு எழுத்து வேற்றுமையே இருந்தது. நோய் எவ்வழியே கடல் கடந்தது என்னும் வழக்கு அதனால் பெரும்பாலும் தீர்ந்தது.

இத்தகைய மாற்றம் காலராக் கிருமிக்கு மட்டும் உரியதன்று. 1885-இல் எஷரிக் கண்டறிந்த கோலி பாக்டீரியம் எல்லோருடைய குடலிலும் தீங்கின்றி வாழ்வது. சீதபேதிக்குக் காரணமென்று ஜப்பானில் ஷிகா 1897-இல் கண்ட கிருமியும் மரபணு நோக்கில் இதே குடும்பத்தது. அதன் நஞ்சையொத்த மரபணுக்களையும் வைரஸ்கள் சுமந்து திரிகின்றன. 2011-இல் ஜெர்மனியில் குடற்சுவரில் செங்கல் அடுக்கினாற்போல் ஒட்டும் ஒரு கோலிக் கிளைவகை இந்நஞ்சைப் பெற்றுவிட்டது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் இறந்தனர். சிறுநீரகம் பழுதுற்றவர் பலர். கிருமி வந்த வழி முளைகட்டிய வெந்தயம்!

மலையூர்களில் செய்யத்தக்கவை

பேதி கண்டவரிடம் எந்தக் கிளைவகை இருப்பினும் முதற் சிகிச்சை ஒன்றே: இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்வது. பரிசோதனைச்சாலையின் விடைக்காக அது ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. கிளைவகையின் அறிவு பயன்படுவது பிறவற்றுக்கு: எந்த நுண்ணுயிர்க்கொல்லி பயன் தரும், தடுப்பு மருந்து பொருந்துமா, அடுத்த ஊரில் தோன்றிய நோயும் இதுவும் ஒன்றா என்பவற்றுக்கு. ஓ-1, ஓ-139 இரண்டையும் கொண்ட வாய்வழித் தடுப்பு மருந்து 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது, சென்னையில் தொடங்கிய நிகழ்ச்சியின் ஒரு விளைவேயாகும்.

மூணாற்றுக்கு அருகிலுள்ள சித்திரபுரம் போன்ற ஊர்களையும், பாலக்காட்டு எல்லைக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டால் இதன் தேவை விளங்கும். மலைச்சரிவுக் குடியிருப்புகளில் மேலிருக்கும் ஓடையின் கேடு கீழுள்ள லயங்களுக்கு ஒரே மழையில் இறங்கிவிடும். தொழிலுக்கும் உறவுக்குமாக மக்கள் நாள்தோறும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே போய் வருகின்றனர். ஒருவர் தேனி மாவட்டத்தில் கிருமியைப் பெற்று இடுக்கியில் நோயுறலாம். இரு மாநிலப் பதிவேடுகளிலும் அவர் தனித்தனி நிகழ்ச்சியாகவே தோன்றுவார். இரண்டையும் இணைக்கவல்லது கிருமியின் மரபெழுத்தும், நோயாளி முந்திய ஐந்து நாட்களில் எங்கெங்கு சென்றார் என்னும் குறிப்பும்.

பரிசோதனைச்சாலைக்குப் பேருந்தில் பல மணி நேரம் செல்லவேண்டிய இடங்களில், மாதிரியின் கதி வழியிலேயே முடிவாகிவிடக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்னரே மலத்தை எடுக்கவேண்டும். மலத்தைத் தனியே அனுப்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் சேரவேண்டும். அது இயலாத இடத்தில் பஞ்சுக்குச்சியை மலத்தில் தோய்த்துக் கேரி-பிளேர் ஊடகக் குழாயில் செருகி மூடிவிடலாம். அதற்குப் பனிக்கட்டி வேண்டுவதில்லை, அறை வெப்பமே போதும். குழாயும் இல்லாதபோது, வடிதாள் துண்டொன்றை மலத்தில் நனைத்து, இரண்டு மூன்று துளி உப்பு நீருடன் காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் பையில் இட்டு அனுப்பலாம். காலராக் கிருமிக்கு ஆகாதவை உலர்ச்சியும் புளிப்பும். ஈரம் காக்கப்பட்டால் அது பிழைத்திருக்கும்.

சீட்டில் பெயர், வயது, ஊர், நோய் தொடங்கிய நாளும் நேரமும், குடித்த நீர் எங்கிருந்து வந்தது, மருந்து ஏதேனும் கொடுக்கப்பட்டதா என்பவை இருக்கவேண்டும். 'ஓ-1 அன்று' என்று விடை வந்து, நோயாளிகளோ அதே ஊரில் பலராகவும் வளர்ந்தோராகவும் இருப்பின், அம்மாதிரியைக் கழுவிவிடாமல் மேல்நிலைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பும்படி எழுதிக் கேட்கவேண்டும்.